எழுதாமல் திருப்பி அனுப்பும் ஆறு உறைகள்

மகனே,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தால் பாதி படித்துவிட்டு மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வாய். அடுத்த வாரம் கோட்டு சலவைக்குப் போகும், கடிதமும் கூடவே போகும். அதனால்தான் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். நீ கல்யாணப் பத்திரிகை அடித்தாய், நான் பத்திரிகையில் அடிக்கிறேன். உன் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும். வெட்கமாக இருக்கிறதா? இருக்கட்டும். எனக்குப் பதினைந்து வயதில் ராயபுரம் முழுக்க வைத்த பேர் வாலு. வயது ஏறினாலும் வாலு வாலுதான். இருபது வருஷமாக உனக்குச் சோறு போடுகிற வேலையில் அதைச் சுருட்டி இடுப்பில் செருகி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அதை மிதித்துவிட்டாய்.

என்ன மிதித்தாய் என்று உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி, மஞ்சள் தடவிய உறைகளையும் பேர் எழுதிய சீட்டுகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். சொந்தக்காரர்கள் சீட்டு ஒன்று, பெண்வீட்டார் சீட்டு ஒன்று, திருவொற்றியூரில் நீ டைம்கீப்பராக இருக்கிற தொழிற்சாலைக்கு ஒரு சீட்டு. முதல் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். மூன்றாவதைக் கையில் எடுத்தேன். மேலே நாலு பேர். மிஸ்டர் இன்னார், மிஸ்டர் இன்னார் என்று முன்னால் மூன்று எழுத்து, பின்னால் படித்த படிப்பு, எல்லாம் முழுசாக, ஒரு புள்ளிகூடக் குறையாமல். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஏழு. தண்ணிவாலா, பெட்டிவாலா, விளக்குவாலா, பசைவாலா, வண்டிவாலா, கேட்வாலா, பங்காவாலா. பேனாவை மையில் தொட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக மை பாயில் விழுகிற வரைக்கும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நீ வந்ததும் கேட்டேன், இவர்களுக்கெல்லாம் பேர் கிடையாதா என்று. நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னாய். அந்தப் பதில் இன்னும் என் காதில் எரிகிறது.

"அவங்க பேரு யாருக்கும்மா தெரியும்? வாலான்னு கூப்ட்டா திரும்பிப் பாக்குதுங்க. அது போதாதா?"

பாக்குதுங்க. உன் வயதுக்கு இரண்டு மடங்கு வயதானவர்கள், உன் கல்யாணத்துக்கு வந்து உன் தலையில் அட்சதை போடப் போகிறவர்கள், திரும்பிப் பாக்குதுங்க. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரும் என் முகத்தைப் பார்த்து, வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் நிறுத்திவிட்டார். நீ மட்டும் பார்க்கவில்லை. அது இங்கிலீஷ் வார்த்தை அம்மா, அகராதியிலேயே இருக்கிறது, துரைமார் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாய். சரி, பாடம்தானே. மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நானும் ஒரு பாடம் எடுக்கிறேன், கேட்டுக்கொள்.

அது இங்கிலீஷ் வார்த்தையே இல்லை. நம் தெருமுனையில் துணி தைக்கிற பாய் இருக்கிறாரே, உன் கல்யாணக் கோட்டைத் தைத்துக்கொண்டிருக்கிறவர், அவரிடம் மறுநாளே போய்க் கேட்டேன். அது எங்க ஹிந்துஸ்தானி பேச்சும்மா என்றார். நமக்குக் காரன் எப்படியோ அவர்களுக்கு வாலா அப்படி. பால்காரன், தயிர்க்காரி, வண்டிக்காரன் என்று நாம் ஒட்டுகிறோம், அவர்கள் வாலா, வாலி என்று ஒட்டுகிறார்கள். தொழிலுக்கு மட்டும் இல்லையாம். டில்லியில் இருந்து வந்தவன் டில்லிவாலா. வீடு வைத்திருக்கிறவன் வீட்டுவாலா. இன்னும் வராதவன், வரப்போகிறவன், அவனுக்கும் வாலாதானாம். அப்படிப் பார்த்தால் அடுத்த மாதம் தாலி கட்டப்போகிற நீயும் ஒரு வாலாதான். ஆதியில் காப்பவன் என்று அர்த்தம் வருகிற ஒரு பழைய சொல் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது என்று மௌல்வி ஒருவர் தனக்குச் சொன்னதாகவும் பாய் சொன்னார். அது நிஜமோ பொய்யோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்ன ஒன்று நிஜம். எங்க ஆளுங்க வாலான்னு கூப்பிடுவாங்க, ஆனா வூட்டுக்கு வந்தா பேரு சொல்லித்தான் உக்கார வெப்பாங்க என்றார். கப்பலில் வந்தவர்கள் அந்த வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். பங்கா இழுத்தவனுக்கு ஒட்டினார்கள், பெட்டி தூக்கி விற்றவனுக்கு ஒட்டினார்கள், ஒட்டி ஒட்டிச் சிரித்தார்கள். அப்புறம் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சொல்கூட வேண்டியிருக்கவில்லை. யாரோ ஒரு வாலா என்றால் போதும், யாரோ ஒரு பயல் என்று அர்த்தமாகிவிட்டது. அதைத்தான் நீ அகராதியில் பார்த்திருக்கிறாய். திருடு போன பாத்திரத்தைத் திருடன் வீட்டில் பார்த்துவிட்டு, ஆகா சீமைப் பாத்திரம் என்று வியந்திருக்கிறாய்.

உன்மேல் மட்டும்தான் கோபம் என்று நினைக்காதே. இதைவிட மூன்று மடங்கு கோபம் எனக்கு என்மேல் இருக்கிறது. அதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவுக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை வந்ததும் அவரும் உன்னோடு சேர்ந்துதான் படிக்கப் போகிறார்.

ஜெர்மன்காரன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம். எனக்குப் பதினைந்து. உன் தாத்தாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவர் துறைமுகக் கேட்டுக்கு வெளியே கூழ்க்கடை போட்டிருந்தார். நாலு மூங்கில், மேலே ஒரு சாக்கு, கீழே இரண்டு பானை, தொட்டுக்கொள்ள வெங்காயமும் சுட்ட கருவாடும். பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் நான் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கப்பலில் சரக்கு இறக்குகிற ஒரு கண்டிராக்டரின் ஆட்கள்தான் எங்கள் வாடிக்கை. தினமும் காலையில் அவர்களுடைய மேஸ்திரி கேட்டில் நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ஆஜர் என்று சொல்கிறவன் கையில் ஒரு பித்தளை வில்லையைப் போடுவார். வில்லை இருந்தால் உள்ளே வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மேஸ்திரிக்குப் பின்னால் ஒரு துரை நிற்பார், எப்போதும் வாயில் சுருட்டு. அவர்தான் அந்த வாலாவை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர். கயிறு பிடித்தவன் கயிறுவாலா, நொண்டி நடந்தவன் நொண்டிவாலா. எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. வாலுப் பெண்ணுக்கு வாலா கிடைத்தால் சும்மா இருப்பாளா? கூழ் குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒட்ட ஆரம்பித்தேன். இரண்டு வெங்காயம் கேட்டவன் வெங்காயவாலா. கடன் சொன்னவன் நாளைவாலா. அவர்களும் சிரிப்பார்கள். மேஸ்திரி சிரிப்பார். சில நாள் துரையே கூழ்க்கடைப் பக்கம் திரும்பி, இன்றைக்கு என்ன பேர் என்பதுபோலப் புருவத்தைத் தூக்குவார். ஒரு துரை என் பேச்சுக்குச் சிரிக்கிறார் என்பது அந்த வயதில் எனக்கு எவ்வளவு பெரிய கௌரவமாக இருந்தது என்று நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

ஒரு நாள் புதிதாக ஒருவர் வந்து வரிசையில் நின்றார். அன்றைக்கு அவன் என்றேன், இன்றைக்கு அவர் என்று எழுதுகிறேன். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். ஒல்லியான ஆள், மேலே சட்டை இல்லை, கையில் மட்டும் ஒரு கருப்புத் துணிக்குடை. மூட்டை தூக்க வந்தவன் குடையோடு வந்து நிற்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி நோட்டைப் பிரித்து, இன்னாடா பேரு என்றார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் கனைத்து முடிப்பதற்குள் நான் பானைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன்.

"பாத்தா தெரியல? குடைவாலா."

வரிசை முழுக்கச் சிரித்தது. துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார், எடுத்துவிட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொள் என்பதுபோல நோட்டை விரலால் தட்டினார். மேஸ்திரி எழுதிக்கொண்டார். அந்தப் புது ஆள் வாயைத் திறந்தார். தன் பேரைச் சொல்லத்தான் திறந்தார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சிரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வில்லையை வாங்கிக்கொண்டார். வேலை வேண்டுமே. மறுநாள் காலையில் மேஸ்திரி குடைவாலா என்று கூப்பிட்டபோது ஆஜர் என்றார். அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். உள்ளே போவதற்கு முன்னால் குடையை எங்கள் கடை மூங்கிலில் மாட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார். என்னோடு அதிகம் பேச மாட்டார். குடையைக் கொடுக்கும்போது மட்டும், பத்திரம் பாப்பா என்பார்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு நாள் கிரேனில் தொங்கிய சிப்பம் அறுந்து விழுந்தது. குடைவாலா மேல விழுந்துச்சு, குடைவாலாவ வண்டியில போட்டுனு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க என்று ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள். நானும் எழுந்து நின்று பார்த்தேன். கட்டை வண்டியில் இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. குடை எங்கள் மூங்கிலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நாலு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்தான் இருப்பாள், இடுப்பில் கைக்குழந்தை. அமாவாசைக்கு வேலை கிடையாது, அமாவாசைதோறும் ஊருக்கு வருகிற வீட்டுக்காரர் இந்தத் தடவை வரவில்லை என்று ரயிலேறி வந்திருக்கிறாள். வில்லை கொடுத்து முடித்துவிட்டு நின்ற மேஸ்திரியிடம் போய், எங்க வூட்ல இருக்கறவரு இங்கதான் வேல செய்றாருங்க என்றாள். பேர் என்ன என்றார் மேஸ்திரி. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் காலத்துப் பெண் எப்படிச் சொல்வாள்? சாமி பேருங்க என்றாள். எந்த சாமி என்றார். மலை மேல நிக்கற சாமி என்றாள். அவ்வளவுதான், கேட்டில் நின்றவர்களுக்கு நல்ல விளையாட்டுக் கிடைத்துவிட்டது. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். திருத்தணிச் சாமி பேரா, பழனிச் சாமி பேரா, அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். நானும் சேர்ந்துகொண்டேன். சும்மா சேரவில்லை, புருஷன் பேரச் சொன்னா நாக்கு வெந்துடுமா இன்னா என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"உனக்குக் கல்யாணம் ஆவட்டும் பொண்ணே. அப்பக் கேளு."

ஆகிவிட்டது. உன் அப்பாவின் பேரை இன்றுவரை நான் வாயால் சொன்னதில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அது சரியா தப்பா என்று உன் பெண்டாட்டி முடிவு செய்துகொள்ளட்டும், நான் வளர்ந்த வழக்கம் அது. அன்றைக்கு மேஸ்திரி ஆறாவதாகவோ ஏழாவதாகவோ சொன்ன பேருக்கு அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே தேடினார். அந்தப் பேரில் ஒருவரும் இல்லை. இங்க அந்த மாதிரி ஆளே கிடையாதும்மா, வேற கண்டிராக்டருகிட்ட போய்க் கேளு என்று அனுப்பிவிட்டார். அவள் போய்க் கேட்டாள். கேட்டுக் கேட்டு, ஸ்டேஷன் வாசலில் படுத்து எழுந்து, மறுநாள் காலையில் மறுபடியும் எங்கள் கேட்டுக்கே வந்தாள்.

உன்னிடம் நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது நாளைத்தான். நைனா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கலயம் கூழ் கொடுத்துவிட்டு விறகு வாங்கப் போனார். குழந்தைக்கு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே அவள் என்னிடம் பேசினாள். நேற்றுக் கிண்டல் செய்தவள் என்ற கோபமெல்லாம் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பெண்கள், அவ்வளவுதான் அவளுக்கு. ஊர்ல இருந்து வர்றப்ப ஒரு குடை எடுத்துனு வந்தாரும்மா, கருப்புத் துணி, கைப்பிடி ஒடஞ்சி போச்சி, நான்தான் செவப்பு நூலச் சுத்திக் குடுத்தேன், யாருனா பாத்திருப்பாங்களா என்றாள்.

என் முதுகுக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில், அந்தக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு நூல் சுற்றிய கைப்பிடி. பானை மறைத்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து, தண்ணீர் எடுப்பதுபோலப் பின்பக்கம் போய், மூங்கிலிலிருந்து குடையை மெல்லக் கழற்றி, விறகுக்கு மேலே போட்டிருந்த சாக்குக்கு அடியில் தள்ளினேன். தெரியலக்கா என்றேன். மனசுக்குள் கணக்காகக் காரணம் ஓடியது. நான் வைத்த பேரால்தான் இந்தக் குழப்பம் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் கடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். நைனா அடிப்பார். ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அந்த ஆளே நாலு நாளில் எழுந்து வந்துவிடுவார், அப்புறம் தானாகவே சரியாகிவிடும். இப்படியெல்லாம் நினைத்தேன். பதினைந்து வயதுப் பெண் பயந்துவிட்டாள் என்று நீ எனக்காகச் சமாதானம் சொல்லலாம். சொல்லாதே. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

மூன்றாவது நாளும் வந்தாள். மேஸ்திரி கண்டுகொள்ளவில்லை. அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகக் கேட்டுக் கம்பி பக்கம் போனாள். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பல்கள் நிற்கிற பக்கம் பார்த்து, வயக்காட்டில் நின்று அந்தக் கரைக்குக் கூப்பிடுவதுபோல, முழு மூச்சோடு கூப்பிட்டாள்.

"ஏழுமலை! ஏ ஏழுமலை!"

கீரை விற்றுக்கொண்டிருந்த பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஒரு பெண்டாட்டி நடுத்தெருவில் நின்று புருஷன் பேரைச் சொல்லிக் கத்தினால் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று அர்த்தம் என அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் உடைந்துவிட்டது. உள்ளே இருந்து ஒரு பதிலும் இல்லை. அந்தப் பேருக்கு அங்கே யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அப்படி ஏற்பாடு செய்தவள் நான்.

ஆமாம். உன் பேர்தான்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. சாக்குக்கு அடியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு போய், இது இங்க கெடந்துச்சுக்கா, இப்பதான் பாத்தேன் என்று இன்னொரு பொய் சொன்னேன். அவள் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நைனா கடையை அப்படியே விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த குமாஸ்தா வயதானவர், நல்ல மாதிரி, புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கண் சரியாகத் தெரியவில்லை, படிக்கத் தெரிந்தால் நீயே படித்துச் சொல்லம்மா என்றார். நான் படித்தேன். குடைவாலா. ஆண். ஊர் தெரியாது. சொந்தம் தெரியாது. கொண்டுவந்த நாளிலிருந்து அவருக்குப் பேச்சே வரவில்லை என்றார் குமாஸ்தா. முந்தின நாள் சாயங்காலம் இறந்திருக்கிறார். தேடிக்கொண்டு யாரும் வராததால் அன்று காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம், மகனே. முந்தின நாள் காலையில்தான் நான் குடையைச் சாக்குக்குக் கீழே தள்ளினேன். ஒரு பகல் முழுக்க அவர் உயிரோடு இருந்திருக்கிறார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். குழந்தையைக் காட்டியிருக்கலாம்.

நான் வைத்த பேரை நானே வாசித்துக் காட்டியபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நைனா எடுத்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, இதுவா அவரு பேரு, இத யாரு வெச்சது என்று என்னைத்தான் கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன்.

அது மூன்றாவது பொய். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. வெயில் ஏறியிருந்தது, குழந்தைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போனாள்.

நீ பிறந்தபோது உன் அப்பா அவருடைய அப்பா பேரைத்தான் வைக்க வேண்டும் என்றார். அதுதான் முறை. நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் சண்டை பிடித்தேன். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டேன், இந்தப் பேர்தான் வைக்க வேண்டும் என்று அவரிடமும் பொய் சொன்னேன். வேண்டுதல் எல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பேர் எங்கே கூப்பிட்டும் பதில் வராமல் போனதோ, அதற்குப் பக்கத்துத் தெருவிலேயே அதைத் தினமும் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் இன்னாம்மா என்று ஒரு குரல் ஓடிவர வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பரிகாரம். காரணமே இல்லாமல் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். கோலி விளையாட்டில் பாதியில் ஓடிவந்து இன்னா என்பாய், ஒண்ணும் இல்ல போ என்பேன். எதுக்குக் கூப்ட்ட என்று தரையில் உருண்டு அழுதிருக்கிறாய். இதற்குத்தான் கூப்பிட்டேன்.

அந்தப் பேரை நீ என்ன செய்திருக்கிறாய்? கல்யாணப் பத்திரிகையில் மிஸ்டர் ஈ. மாலி. துரைக்கு வாயில் நுழையவில்லை என்று மலையை மாலி ஆக்கி, ஏழு என்பதை இங்கிலீஷ் ஈ ஆக்கிப் பறக்கவிட்டாய். பாய் அதைப் படித்துவிட்டு, மாலின்னா எங்க பேச்சுல தோட்டக்காரனாச்சே, தம்பி தோட்ட வேலைக்குப் போயிட்டாரா என்று கேட்டார். பார்த்தாயா, அந்த ஏழு பேரையும் வாலாவாக எழுதின கையே உன்னையும் அந்தச் சீட்டில் எட்டாவதாக எழுதிவிட்டது. நீ கோட்டுக்கு மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் தொழிற்சாலையில் சக்கரம் சுற்றுகிறது, பெல்ட்டு ஓடுகிறது, கொதிக்கிற பசை இருக்கிறது. யார் உள்ளே வந்தான் யார் வெளியே போனான் என்று நோட்டில் எழுதுகிற மேஸ்திரி இன்றைக்கு நீதான். நாளைக்கு ஒன்று நடந்தால் உன் கேட்டில் ஒரு பெண் வந்து நிற்பாள். அவள் வாயைத் திறந்து புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். அவளுக்கு அது முறை. நீயாவது சொல்ல வேண்டாமா? அவளும் சொல்லாமல், நீயும் தெரிந்து வைத்துக்கொள்ளாமல், நடுவில் ஒரு மனுஷன் இருந்த சுவடே இல்லாமல் போவதை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன். என் வயிற்றில் பிறந்தவன் கையால் இன்னொரு தடவை பார்க்கமாட்டேன்.

சனிக்கிழமை உனக்குச் சோறு கொண்டுவந்தபோது, நீ உள்ளே துரையோடு பேசிக்கொண்டிருந்தாய். கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், ஐயா, கல்யாணப் பத்திரிகை எழுதணும், உங்கள் பேர் சொல்லுங்கள் என்றேன். தண்ணிவாலான்னு போடும்மா, தம்பிக்குத் தெரியும் என்றார். தம்பிக்குத் தெரியாது, எனக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று சொன்னார். வள்ளூர் கங்காதரன் மகன் அய்யாக்கண்ணு. மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது இப்படித்தான் போட்டார்களாம், அதனால் கங்காதரனை விடாமல் போடும்படி இரண்டு தடவை சொன்னார். ஊரையும் விட வேண்டாமாம். உறையில் ஒரு வரியில் இடம் போதவில்லை, இரண்டு வரியாக எழுதி, நானே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, கங்காதரன் இருக்கிறாரா என்று என்னிடம் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

மீதி ஆறு உறைகள். அவற்றை எழுதாமல் உன் மேஜைமேல் வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே என் மைக்கூடும் பேனாவும். நீ போய்க் கேள். உட்கார்ந்துகொண்டு கேட்காதே, நின்றுகொண்டு கேள். அப்பா பேரும் ஊர் பேரும் சேர்த்துக் கேள். உன் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான், பரவாயில்லை, அவர்கள் படித்துக்கொள்வார்கள். அப்படியே உன் நோட்டிலும் எழுதிக்கொள். பிறகு அச்சுக்கூடத்துக்குப் போய், உன் பேரையும் முழுசாக அடித்துக்கொண்டு வா.

பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான்தான் நிற்பேன். வருகிறவர்களைப் பேர் சொல்லி வாங்க என்பேன். அந்த ஆறு பேரும் வரும்போது என்னிடம் பேர் இல்லை என்றால், மணவறையில் உட்கார்ந்திருக்கிற உன்னைப் பெண்வீட்டார் எல்லோருக்கும் கேட்கும்படி, டேய் மாலிவாலா என்று கூப்பிடுவேன். செய்வேனா மாட்டேனா என்று உன் அப்பாவைக் கேட்டுப் பார். பேர்கள் இருந்தால் உன்னையும் உன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கூப்பிட்டால், கோலிக் குண்டை விட்டுவிட்டு ஓடிவந்த மாதிரி, இன்னாம்மா என்று திரும்பு. போதும்.

இப்படிக்கு,
உன்னை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காரணமில்லாமல் கூப்பிட்டவள்.